வீட்டு வளவில் வள்ளம் விடக் கொட்டகை: 26க்கு 12 போதுமா?

வேலணைக்கரை (கேள்வி)

வணக்கம். எங்கள் வீடு யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலணையில், கரையிலிருந்து ஏறக்குறைய 250 மீற்றர் உள்ளே இருக்கிறது. வளவு மூன்று பரப்பு (ஏறக்குறைய 8,000 சதுர அடி). அப்பாவும் நானும் 23 அடி பைபர் வள்ளத்தில் தொழில் செய்கிறோம், 40 குதிரைவலு எஞ்சின். இவ்வளவு காலமும் வள்ளம் கரையில்தான் நின்றது, வலையும் மற்றச் சாமானும் கரையில் உள்ள வாடிக் கொட்டிலுக்குள். போன மாரியில் ஓர் இரவு எண்ணெய்த் தாங்கியையும் ஓஸையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்து வந்து எஞ்சினைக் கழற்றித் தடியில் கட்டி இரண்டு பேருமாக வீட்டுக்குக் காவுகிறோம். எழுபது கிலோவுக்கு மேல் வரும். அப்பாவுக்கு 61 வயது, தோளில் தடி கிடந்த இடம் கறுத்துப்போய்விட்டது, அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் வளவுக்குள்ளேயே பெரிய கொட்டகை ஒன்று போட யோசிக்கிறோம். மாரியில் வள்ளத்தை ஏற்றிவிட வேண்டும், மற்ற நாட்களில் எஞ்சின், வலை, மீன் கூடு, நங்கூரம், ஐஸ் பெட்டி, ஜெனரேற்றர், லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) எல்லாம் உள்ளே நிற்க வேண்டும். காசு கனடாவில் இருக்கிற அண்ணா தருகிறார். அவர் பனிக்குள் நின்று உழைத்த காசு, ஒரு முறை கட்டினால் வடிவாகக் கட்ட வேண்டும்.

நான் போட்ட கணக்கு: 26 அடி நீளம், 12 அடி அகலம், ஜீஐ (சிங்க் பூசிய இரும்பு) பைப் தூண், சிங்க்-அலுமினியத் தகரம், முன்னுக்கு ஒழுங்கைப் பக்கம் பார்த்து ரோலர் ஷட்டர். ஒழுங்கை எங்களுக்கு வடகிழக்கில். அப்பா சொல்கிறார், பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) போட்டுக் கிடுகால் (பின்னிய தென்னோலை) மேய்ந்தால் போதும், வருசத்துக்கு ஒருக்கால் மாற்றலாம் என்று. கட்டியவர்கள் சொல்லுங்கோ, எங்கே பிழைவிடப் போகிறேன்?

—

இரும்புக்கடைச் சந்தி

தம்பி, முதலில் அந்த 12 அடியை மறந்துவிடுங்கோ. உங்கள் வள்ளம் ஆறு அடி அகலம் என்று வைத்தால் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடிதான் மிஞ்சும், அதில் வலைத்தட்டு ஒன்று வைத்தவுடன் ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டும். வள்ளத்தை உள்ளே விடுவது மட்டும் இல்லை, அதைச் சுற்றி வேலை செய்ய வேண்டும்: அடி சுரண்ட, பெயின்ற் அடிக்க, எஞ்சினை இறக்க. ஒரு பக்கம் மூன்று அடி நடைபாதை, வள்ளம் ஆறு, மற்றப் பக்கம் ஏழு அடி வேலை இடம், சுவரோடு நாலு அடி தட்டு. கூட்டினால் 20. நீளத்துக்கு எஞ்சினைத் தூக்கி நிறுத்தினால் பின்னுக்கு மூன்று அடி, முன்னுக்கு ரெய்லரின் இழுதடி, ஆகவே 32 இல்லாமல் தொடங்காதேங்கோ.

அடுத்தது காற்று. இதைத்தான் கனபேர் யோசிப்பதில்லை. கூரையின் பாரத்தைத் தாங்கத் தூண் போடுகிறார்கள், கூரை மேலே இழுபடும்போது பிடித்துவைக்க ஒன்றும் போடுவதில்லை. மணிக்கு 140 கிலோமீற்றர் காற்று அடித்தால் கூரையின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறக்குறைய 100 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும், ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் இன்னும் கூட. உங்கள் கூரை 60 சதுர மீற்றர் வருகிறது. ஆறு தொன் என்று வையுங்கோ. எட்டுத் தூண் என்றால் ஒவ்வொன்றும் 750 கிலோவைக் கீழே பிடித்திருக்க வேண்டும். ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர், ஓரடிக்கு மேல் தடித்த கொங்கிறீற் அடி போட்டால்தான் அந்தப் பாரம் வரும். சின்னக் கிடங்கு கிண்டிப் பைப்பை நட்டு நாலு சட்டி கலவை ஊற்றிவிட்டுப் போகிறவரை வேலைக்குப் பிடிக்காதேங்கோ. இரண்டு அடியில் சுண்ணாம்புக்கல் வந்து முட்டினால் கல்லைத் துளைத்துக் கம்பி இறக்கிக் கலவை விட்டு அடியோடு கட்டலாம்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த இரவு எங்கள் பட்டறைக் கூரையின் ஒரு மூலை எழும்பியது. காலையில் ஏறிப் பார்த்தேன். தகரம் கிழியவில்லை, ஆணியின் தலை கூடப் போகவில்லை. ஆணியடியில் இருந்த ரப்பர் வாசர் வெயிலில் காய்ந்து தூளாகி, அந்த இடைவெளியால் தகரம் நெடுக ஆடி ஆடி ஓட்டை பெருத்து ஆணித் தலைக்கு மேலால் கழன்றிருந்தது. அதற்குப் பிறகு ஓரங்களில் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு ஸ்குரூ போடுகிறேன், நடுவில்தான் ஒன்றுவிட்டு ஒன்று. இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் வாசரைப் பார்க்க வேண்டும்.

வாசல் வடகிழக்குப் பார்க்கக் கூடாது. வாடை மழை நேரே உள்ளே வரும். தென்மேற்கும் கூடாது, சோளகம் பிடித்தால் வைகாசியிலிருந்து புழுதியும் உப்பும் உள்ளே. அந்த இரண்டு பக்கமும் முழுச் சுவர் வையுங்கோ, வாசலை வடமேற்குக்குத் திருப்புங்கோ. ஒழுங்கை வடகிழக்கில் என்றால் வளவுக்குள் ஒரு வளைவு எடுத்து ஏற்றலாம், மூன்று பரப்பில் இடம் இருக்கிறது.

ரோலர் ஷட்டர் கடற்கரைக்குச் சரிவராது என்பது என் அனுபவம். தடத்துக்குள் உப்பு ஏறி மூன்றாம் வருசம் பாதியில் நிற்கும். 12 அடி வாசலுக்கு இரண்டு மடிப்புக் கேற் போட்டு, நிலத்துக்குள் இறங்குகிற தடித்த தாழ்ப்பாள் வையுங்கோ. ஜீஐ பைப்பை வெல்டிங் செய்தால் அந்த இடத்துச் சிங்க் எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். கம்பித் தூரிகையால் சுரண்டிச் சிங்க் பெயின்ற் இரண்டு கை அடித்த பிறகுதான் மற்றப் பெயின்ற். இதைப் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்விக்க வேண்டும், மேலால் பெயின்ற் அடித்துவிட்டால் பிறகு ஒருவருக்கும் தெரியாது.

—

கிளுவைவேலி

நான் கட்டட வேலைக்காரி இல்லை, என்றாலும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். என் கணவர் கொட்டகையை அழகாகக் கட்டி முடித்தார். வள்ளத்தை லான்ட்மாஸ்டரில் இழுத்து வந்த அன்று ஒழுங்கை முடக்கில் அது திரும்பவில்லை. முன்பு கதியால் வேலி இருந்த காலத்தில் நாலு கதியாலைப் பிடுங்கிவிட்டு இழுத்திருக்கலாம், பிறகு ஊன்றியிருக்கலாம். இப்போது இரண்டு பக்கமும் மதில். அன்று வள்ளம் முடக்கிலேயே நின்றது, ஊர்ச் சனம் எல்லாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வளவுகளுக்குள்ளால் போனார்கள், இரவு பத்து மணிக்குப் பதினாறு பேர் பிடித்து ரெய்லரிலிருந்து இறக்கிக் கையால் தூக்கித் திருப்பினோம். இப்போதும் மாரிக்கு மாரி அதே பதினாறு பேர்தான்.

தம்பி, சீமேந்து வாங்குவதற்கு முன் வள்ளத்தின் நீளத்துக்கு இரண்டு மூங்கிலை நாலு பேர் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கோ. மேலே கரண்ட் வயரையும் பாருங்கோ.

—

கலவைக்காரன்

இரும்புக்கடை அண்ணை சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், ஷட்டர் விசயம் தவிர. நல்ல அலுமினிய ஷட்டர் பத்து வருசமாக ஓடுவதை நான் குருநகரில் பார்க்கிறேன், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் சரி.

நான் சொல்ல வந்தது தண்ணீரும் மணலும். வேலணைக் கிணறு கனக்க இடத்தில் உவர். அந்தத் தண்ணீரில் கொங்கிறீற் குழைத்தால் முதல் இரண்டு மூன்று வருசம் ஒன்றும் தெரியாது. பிறகு தூணில் மயிரளவு வெடிப்பு நேர்கோடாக ஓடும், கம்பி போன வழியே. விரலால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் கேட்கும். கம்பி துருப்பிடித்து ஊதி உள்ளிருந்து தள்ளுகிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு மேலால் பூசுவதில் பிரயோசனம் இல்லை. கடல் மணலும் அதேதான். கொங்கிறீற்றுக்குப் பவுசர் தண்ணீர் எடுங்கோ, மணல் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கோ, கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கலவை இருக்க வேண்டும். இன்னொன்று, சிங்க்-அலுமினியத் தகரத்தைச் சுவரோடு பொருத்துகிற இடத்தில் ஈரக் கலவை தகரத்தில் படக்கூடாது. சீமேந்தின் காரம் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். கனபேர் ஒழுக்குக்குக் கலவை அப்பி வைத்து அந்த இடத்தாலேயே தகரத்தைக் கெடுக்கிறார்கள்.

நிலம் வாசல் பக்கம் சரிவாக இருக்கட்டும். எஞ்சின் கழுவுகிற இடத்துத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விடவே வேண்டாம். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாகத்தான் கிடக்கிறது, மேலே ஊற்றிய எண்ணெய் எங்கே போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் எல்லோரும் கண்டவர்கள். எண்ணெய் பிடிக்கிற ஒரு சின்னத் தொட்டி வைத்து, மேலே மிதப்பதை வழித்து எடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கிணற்றுக்குத் தூரமாக விடுங்கோ.

அனுமதி: பிரதேச சபையில் படம் கொடுக்க வேண்டும், அது தெரிந்திருக்கும். கரையிலிருந்து 250 மீற்றர் என்கிறீர்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கடல் உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதனால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் கேட்டுவிடுங்கோ. கேட்காமல் கட்டிவிட்டுப் பிறகு ஓடித் திரிந்த ஒருவருக்கு நான் வேலை செய்திருக்கிறேன், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

—

பழைய சம்மாட்டி

கட்டடத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். உள்ளே வைக்கிற விதத்தைப் பற்றி நான் கொஞ்சம் எழுதுகிறேன், 40 வருசம் இந்தத் தொழில்.

வள்ளத்தை இரண்டு குற்றியில் மட்டும் ஏற்றிவைக்காதேங்கோ. பைபர் மெல்ல மெல்ல வளையும், அடுத்த வருசம் கடலில் இறக்கும்போது ஓட்டம் குறைந்திருக்கும், ஏன் என்று தெரியாமல் எஞ்சினைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஏராவை (வள்ளத்தின் அடி நடுக்கட்டை) நெடுகலும் தாங்க வேண்டும், பக்கத்துக்குப் பழைய ரயர். அணியம் (முன்பக்கம்) கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும், அடித்தக்கை (தண்ணீர் வடிகிற துளையின் அடைப்பு) கழற்றியிருக்க வேண்டும். கொட்டகைக்குள்தானே என்று தக்கையைப் போட்டு வைத்துவிட்டு ஒழுக்குத் தண்ணீர் நிறைந்து பாரத்தில் பலகை விட்ட வள்ளத்தை என் கண்ணால் பார்த்தேன்.

எஞ்சினை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர்ப் பீப்பாவுக்குள் பத்து நிமிசம் ஓடவிட்டு, நிமிர்த்தியபடி மரத்தாங்கியில் மாட்டுங்கோ. அடிப்பாகம் தலைக்கு மேலே போகிற மாதிரிச் சரித்துக் கிடத்தினால் உள்ளே நிற்கிற தண்ணீர் சிலிண்டருக்குப் போகும். அப்பாவின் தோளுக்கும் ஒரு வழி: குறுக்கு வளையில் ஒரு சங்கிலிக் கப்பி. ஆனால் அந்த வளையைக் கூரை போடும்போதே தடிப்பாகப் போட வேண்டும், பிறகு யோசித்தால் கூரைச் சட்டம் தாங்காது.

பெற்றோலும் மண்ணெண்ணெயும் கொட்டகைக்குள் வேண்டாம். வெளியே நிழலில் கம்பிக் கூடு ஒன்று. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், நிலத்தோடு தங்கும், ஜெனரேற்றர் ஒரு பொறி விட்டால் போதும். அதனால் சுவரில் மேலே மட்டும் இல்லாமல் நிலத்தோடும் காற்று வழி விடுங்கோ, எலி வராமல் கம்பிவலை அடித்து.

வலையைக் கழுவிக் காயவைத்து, தட்டில், வெயில் படாமல். வெளிச்சத்துக்கென்று கண்ணாடித் தகரம் போடுவார்கள், அதன் நேர் கீழே நைலான் வலையை வைத்தால் ஒரு வருசத்தில் வலைக்கண் கையோடு அறும். தட்டுக் கால்களில் தகரத்தைக் கூம்பாக மடித்துக் கட்டினால் எலி ஏறாது.

பைபர் ஒட்டுகிற சாமான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கற்றலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கிற மருந்து) போத்தலையும் கோபால்ட் (அந்த இறுகலை விரைவாக்குகிற மருந்து) போத்தலையும் ஒரே தட்டில் வைக்காதேங்கோ. இரண்டும் நேரே கலந்தால் வெடிக்கும், தீப்பிடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கற்றலிஸ்ட். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இரண்டு தனிப் பெட்டி, இரண்டுக்கும் பூட்டு.

உங்கள் அப்பா கிடுகு என்று சொன்னதைத் தள்ளிவிடாதேங்கோ. தகரத்துக்குக் கீழே சித்திரை வெயிலில் ஆள் நிற்க முடியாது. வேலை செய்கிற பக்கத்தில் ஒரு கிடுகுத் தாழ்வாரம் இறக்கினால் அவர் அங்கே இருந்து வலை பொத்துவார்.

—

வேலணைக்கரை

எல்லோருக்கும் நன்றி. கிளுவைவேலி அக்கா, நேற்றுப் பின்னேரம் மூங்கிலோடு நடந்தோம். ரெய்லரின் இழுதடியையும் சேர்த்து 28 அடிக்குக் கட்டினேன். கரையிலிருந்து சந்தி வரை பிரச்சினை இல்லை. எங்கள் ஒழுங்கை முடக்கில் மூங்கில் மதிலில் முட்டியது, இரண்டு அடி காணாது. அந்த மதில்காரப் பெரியம்மா சத்தம் கேட்டு வெளியே வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். மூலையை வெட்டிச் சரிவாகக் கட்டித் தருகிறாய் என்றால் எடு, முருங்கையில் மட்டும் கை வைக்காதே என்றார். எழுதிக் கொடுத்துச் செய்யப் போகிறோம்.

அளவை 32க்கு 20 ஆக மாற்றிவிட்டேன், வாசல் வடமேற்கு. அண்ணாவுக்கு அனுப்பியபோது செலவு கூடும் என்றுதான் பயந்தேன், அவர் கப்பிக்குப் போடுகிற வளை எத்தனை அங்குலம் என்று கேட்டார். அப்பா இன்னும் தகரத்துக்கு மனம் ஒத்துவரவில்லை. தாழ்வாரம் என்றதும் போய்க் கிடுகு எத்தனை வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

இரும்புக்கடை அண்ணை, ஒன்று மட்டும்: இரண்டு அடியில் கல் வந்தால் கம்பியை எவ்வளவு ஆழத்துக்கு இறக்க வேண்டும்?

—

இரும்புக்கடைச் சந்தி

கல்லைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். சில இடத்தில் மேல் ஓடு மட்டும்தான் கடினம், கீழே பொந்து. ஒரு கிடங்கு கிண்டி அலவாங்கால் குத்திப் பார்த்துப் படம் போடுங்கோ, ஞாயிறு நானே வந்தும் பார்க்கலாம்.