தையல் யூனிட்டுக்குத் தனி வியாபாரப் பயிற்சியாளர் வைக்கலாமா?

திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் 12 வைத்துப் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். தீபாவளிக்குப் பிறகும் ஆர்டர் குறையவில்லை. ஆனால் ஆர்டர் தருபவர்கள் பில் தொகையைத் தாமதமாகத் தருவதால், சனிக்கிழமை கூலி போடக் கையில் பணம் இருப்பதில்லை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் பில் தொகையைத் தர 45 நாளைத் தாண்டக் கூடாது. சட்டத்தைச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுகிறது!

பீஸ் ரேட்டை உயர்த்திக் கேட்டேன், வங்கியில் ஓவர்டிராஃப்ட் வரம்பைக் கூட்டினேன், ஆடிட்டரிடமும் போனேன். அவர் வரியைச் சொல்வார். விலை பேசக் கற்றுத்தர மாட்டார். கைதட்ட வைக்கும் மேடைப் பயிற்சி எனக்கு வேண்டாம். யூனிட்டுக்கே வந்து, கணக்கைப் புரட்டி, வாராவாரம் கேள்வி கேட்கும் ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவரை அமர்த்தியவர்கள் சொல்லுங்கள்: முதல் மூன்று மாதத்தில் உங்கள் விலையிலும் வசூலிலும் உண்மையில் என்ன மாறியது?