டெல்டா மாவட்ட முதியோர் குறித்த முன்னாய்வுகளைப் பப்மெட்டில் தேடுவது எப்படி?

கேள்வி: ஆய்வு மாணவி, மன்னார்குடி

வணக்கம். சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, அறுபது வயதைக் கடந்தும் நாற்றுப் பறிக்கவும் களையெடுக்கவும் போய்க்கொண்டிருக்கும் பெண் விவசாயக் கூலித் தொழிலாளர்களின் உடல்நலம்தான் என் ஆய்வுப் பொருள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களே களம்.

பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் ‘ஏஜிங்’ என்று தேடினால், எலியிலும் ஈஸ்டிலும் செல்கள் மூப்படைவதைப் பற்றிய கட்டுரைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. ‘தஞ்சாவூர்’ என்பதைச் சேர்த்தாலோ, ஊருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகக் கட்டுரைகள் வந்து நிற்கின்றன. 65 வயதுக்கு மேற்பட்டோர் என்ற வடிகட்டியைப் போட்டால் எண்ணிக்கை குறைகிறது என்றாலும், அதில் எதைத் தவறவிடுகிறேன் என்பது புரியவில்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: கல்லூரி நூலகர், கும்பகோணம்

உங்கள் சந்தேகம் நியாயமானது. பப்மெட்டை நடத்தும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், மெட்லைன் தொகுப்பிலுள்ள கட்டுரைகளுக்கு ‘மெஷ்’ என்னும் பொருள் தலைப்புகளை இடுகிறது. அதில் ‘ஏஜிங்’ என்பது உடல் மூப்படையும் நிகழ்வுக்கான தலைப்பு. எலியும் ஈஸ்டும் வருவது அதனால்தான். முதியவர்களுக்கு உரிய தலைப்பு ‘ஏஜ்டு’. அது 65 வயதில் தொடங்குகிறது. 45 முதல் 64 வரை ‘மிடில் ஏஜ்டு’. நம் நாட்டிலோ பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) 60 வயதையே எல்லையாகக் கொள்கிறது. இந்திய ஆய்வாளர்களும் பெரும்பாலும் அந்த எல்லையையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அறுபதைக் கடந்தவர்களைத் தேடும் நீங்கள் அந்த இரண்டு தலைப்புகளையும் ‘ஆர்’ (அல்லது) என்று இணைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமான இழப்பு ஒன்று உண்டு. வயது வடிகட்டி மெஷ் தலைப்புகளை நம்பியே இயங்குவதால், பப்மெட்டில் இடம்பெற்றும் மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகள் அதைப் போட்டவுடன் மறைந்துவிடும். இந்திய இதழ்கள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. உங்களுக்கு மிகவும் தேவையானவையும் அவைதாம். எனவே வடிகட்டியை விட்டுவிட்டு, ‘எல்டர்லி’, ‘ஓல்டர் அடல்ட்ஸ்’, ‘ஓல்டர் விமன்’, ‘சீனியர் சிட்டிசன்ஸ்’ ஆகிய சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடச் சொல்லி, மேற்சொன்ன இரண்டு மெஷ் தலைப்புகளோடு ‘ஆர்’ இட்டு ஒரே அடைப்புக்குறிக்குள் வையுங்கள். தொழிலையும் இடத்தையும் தனித்தனி அடைப்புக்குறிகளில் அமைத்து, மூன்றையும் ‘ஆண்ட்’ (மற்றும்) என்று இணையுங்கள்.

கட்டுரைப் பதிவின் எந்தப் புலத்தில், அதாவது எந்தப் பகுதியில், தேட வேண்டும் என்று குறிப்பிடாமல் ஊர்ப் பெயரை இட்டால் ஆசிரியர்களின் முகவரியும் பொருந்திவிடுகிறது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகங்களும் இருப்பதால் ஆய்வகக் கட்டுரைகள் குவிகின்றன. ஊர்ப் பெயரையும் தலைப்பு, சுருக்கம் ஆகிய புலங்களுக்குள் அடக்கிவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

பதில் 2: சமூக மருத்துவத் துறை மருத்துவர், தஞ்சாவூர்

நூலகர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ‘முதியோர் உடல்நலம்’ என்று பொதுவாகத் தேடுவதைவிட, நடவு வயலில் நாள் முழுவதும் குனிந்து நிற்பவருக்கு என்ன வரும் என்று எண்ணி, முழங்கால் மூட்டுத் தேய்மானம், இடுப்புவலி, சேற்றுப்புண், எலிக்காய்ச்சல் என ஒவ்வொன்றாகத் தேடுங்கள். முதுமை என்ற சொல்லே தலைப்பில் இல்லாத நல்ல கட்டுரைகள் அப்படித்தான் கிடைக்கும்.

கட்டுரை கிடைத்ததும் ஆய்வு முறைப் பகுதியில் வயதை எப்படி உறுதி செய்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். பிறந்த தேதி தெரியாதவர்கள் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று முழுமையாக்கிச் சொல்வது வழக்கம். நம் பகுதியில் ஒரு பாட்டியிடம் வயதைக் கேட்டால், “நாகப்பட்டினத்துல புயலடிச்சப்ப என் மூத்தவன் கைப்பிள்ளை” என்பார்; அது 1977 நவம்பர் என்று வைத்துக் கணக்கிட்டால்தான் ஓரளவு சரியான வயது வரும். இப்படிச் சரிபார்த்த ஆய்வுகளுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

பதில் 3: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர், மயிலாடுதுறை

பப்மெட் மருத்துவத்துக்கானது. கூலி, இடப்பெயர்வு, பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியவற்றுக்கு ஜேஸ்டோர், கூகுள் ஸ்காலர் ஆகியவற்றையும் பாருங்கள். அங்கே மாவட்டப் பெயரில் கவனம் தேவை. 1991இல் நாகப்பட்டினம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி முழுவதும் தஞ்சாவூர் மாவட்டமே. திருவாரூர் 1997இலும் மயிலாடுதுறை 2020இலும்தான் தனி மாவட்டங்களாயின. எனவே மன்னார்குடியைப் பற்றிய பழைய ஆய்வு தஞ்சாவூர் என்றோ ‘டாஞ்சூர்’ என்றோதான் பதிவாகியிருக்கும். ‘திருவாரூர்’ என்று மட்டும் தேடுபவருக்கு அது கண்ணில் படாது.

தமிழில் எழுதப்பட்டவை உட்பட நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’வில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு இயலும் தனிக் கோப்பாக இருப்பதால், முன்னாய்வு இயலையும் துணைநூற்பட்டியலையும் மட்டும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் அங்கே கண்ட மேற்கோளை அப்படியே எடுத்தாளாமல் மூலக் கட்டுரையைப் பார்த்துவிட்டே எழுதுங்கள். ஒருவர் செய்த பிழை ஏடு ஏடாகத் தொடர்வதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன்.

மாநில அளவிலான ஒப்பீட்டுக்கு, 45 வயதும் அதற்கு மேலும் ஆன 72,000க்கும் மேற்பட்டோரை 2017-18இல் ஆராய்ந்த ‘லாசி’ என்னும் இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு உதவும். மாவட்ட அளவில் முடிவு சொல்ல அந்த மாதிரி இடம் தராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆய்வு மாணவி, மன்னார்குடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நூலகர் ஐயா சொன்னபடி அடைப்புக்குறிகளைப் பிரித்துத் தேடினேன். எலிகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன, சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் அளவுக்குப் பட்டியலும் சுருங்கிவிட்டது. முழுக் கட்டுரை கட்டணத்துக்குள் இருந்தால் என்ன செய்வது?

கல்லூரி நூலகர், கும்பகோணம்

பட்டியலில் ‘ஃப்ரீ பிஎம்சி ஆர்டிகிள்’ என்ற குறிப்பு இருந்தால் முழுவதும் இலவசம். உங்களுடையது அரசுக் கல்வி நிறுவனம் என்றால், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அந்த இதழ் அடங்குகிறதா என்று உங்கள் நூலகரிடம் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதலாம். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள். இன்று நீங்கள் இட்ட தேடல் வரியை ஒரு எழுத்தும் மாறாமல் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் அதை அப்படியே தர வேண்டியிருக்கும்.