உதவி தேவை: 2012இல் அமெரிக்க ராணுவம் தந்த டிஸ்சார்ஜை (பணிவிடுவிப்பு வகையை) மாற்ற முடியுமா? ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள்

ட்ரக் நெல்லை:
வணக்கம். அமெரிக்க ராணுவத்தில் இருந்த தமிழர்கள் யாராவது இங்கே இருந்தால் வழி சொல்லுங்கள். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ். படிக்க வந்தவன் நான். 2009இல் மாவ்னி திட்டத்தில் சேர்ந்தேன். கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழிக்காக எடுத்தார்களே, அதுதான். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. போனில் தமிழ் பேசவைத்துத் தேர்வு வைத்தார்கள். தமிழுக்காக எடுத்துவிட்டு ட்ரக் ஓட்டக் கொடுத்தார்கள். இருந்த காலம் முழுக்க ராணுவத்துக்காக ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. பேசிக் டிரெயினிங் முடித்த கையோடு குடியுரிமை கிடைத்தது.

2010 செப்டம்பர் முதல் 2011 ஆகஸ்ட் வரை காந்தஹார். சாமான் ஏற்றிப்போகும் கான்வாய். ஒருமுறை எனக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. எனக்கு வெளிக்காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து தலைவலியும் தூக்கமின்மையும்தான். யாரிடமும் சொல்லவில்லை.

2011 நவம்பர் 8 அப்பா இறந்தார். வீட்டிலிருந்து நேராக எனக்குப் போன் செய்தார்கள். அவசர லீவுக்கு ரெட் கிராஸ் வழியாகச் செய்தி வர வேண்டும் என்று யூனிட்டில் சொல்லிவிட்டார்கள். நெல்லையில் யாருக்கு அது தெரியும்? கடைசியில் 11ஆம் தேதியிலிருந்து 20 வரை சாதாரண லீவு. நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்கூடக் கரைத்தாகிவிட்டது. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம் 23ஆம் தேதி. அதற்காவது இருக்க வேண்டுமே என்று தங்கினேன். அப்புறம் என்ன ஆனது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டிக்கெட் எடுப்பேன், மாற்றுவேன். மாடியிலேயே கிடந்தேன். லீவு தாண்டி 34 நாள் ஆனபின், கிறிஸ்துமஸ் அன்று, நானே போய் முகாம் கேட்டில் நின்று பெயரைச் சொன்னேன்.

கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) வேண்டாம் என்றால், அதற்குப் பதிலாக வெளியே போகிறேன் என்று கேட்கும் சாப்டர் 10இல் கையெழுத்துப் போடு, ஆறு மாதத்தில் டிஸ்சார்ஜ் தானாகவே நல்லதாகிவிடும் என்று ஒரு சார்ஜென்ட் சொன்னார். போட்டேன். 2012 மே மாதம் அதர் தேன் ஹானரபிள், அதாவது நன்மதிப்பு இல்லாத வகை, என்று அனுப்பிவிட்டார்கள்.

2015இல் டிஸ்சார்ஜை மறுபடி பார்க்கக் கேட்கும் டிடி 293 படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன். சிறுவயதில் செய்த தவறு, மன்னிக்கவும் என்று ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த வருஷம் நிராகரித்துக் கடிதம் வந்தது.

இப்போது மூன்று கவலை. முன்னாள் வீரர்களுக்கான கல்வி உதவி (ஜிஐ பில்) இல்லாததால் பாதியில் விட்ட எம்.எஸ்.ஸை முடிக்க முடியவில்லை. தூக்கத்துக்காக முன்னாள் வீரர்கள் மருத்துவமனைக்குப் போனால், டிஸ்சார்ஜைப் பார்த்துவிட்டு முன் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, அம்மாவை இங்கே அழைக்க மனுப் போடப் பயமாக இருக்கிறது. கோப்பைத் திறந்தால் என் குடியுரிமைக்கே ஆபத்து என்று ஒருவர் சொன்னார். ஊரில் அம்மா இன்னும் "எம்மவன் பட்டாளத்துல இருந்தான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனி வழி உண்டா?

சிகாகோ குளிர்:
அந்த ஆறு மாதக் கதை சுத்தப் பொய் ப்ரோ. என் கூட இருந்தவனையும் அப்படித்தான் ஏமாற்றினார்கள். தானாக எதுவும் மாறாது. நாம் கேட்டால்தான் எடுத்தே பார்ப்பார்கள்.

பழைய நேவி:
20 வருஷம் கடற்படையில் இருந்தவன் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எல்லோர் வீட்டிலும் சாவு விழுகிறது. எல்லோரும் 34 நாள் காணாமல் போனால் கப்பலை யார் ஓட்டுவது? கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே.

படிவப் பித்தன்:
தம்பி, நான் டெக்சஸில் ஒரு கவுன்டி அலுவலகத்தில் முன்னாள் வீரர்களுக்கு விண்ணப்பம் எழுதித்தரும் வேலையில் இருக்கிறேன். வக்கீல் இல்லை. ஆனால் இதே மாதிரி கேஸ்கள் மேசைக்கு வருகின்றன.

முதலில் நேவி சார் கேட்டதைப் பற்றி. கோபப்படாதீர்கள், அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்கள் மனுவை விசாரிக்கும் போர்டில் ஒருவராவது அதே கேள்வியைக் கேட்பார். பதில் இப்போதே தயாராக இருக்கட்டும்.

சரி, வழி உண்டா என்றால், உண்டு. 2015இல் நீங்கள் கேட்டது காகிதத்தை மட்டும் பார்க்கும் பரிசீலனை. டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டில் அது தோற்றால் நேரில் ஆஜராகிப் பேசக் கேட்கலாம், அந்த உரிமை உங்களுக்கு இன்னும் இருக்கிறது. இப்போது வீடியோவிலேயே விசாரிக்கிறார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 வருஷத்துக்குள் மனு அங்கே போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு 2027 மே. இதைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள். தாண்டினால் டிடி 149 நிரப்பி ராணுவத்தின் ரெக்கார்டு திருத்தும் போர்டுக்குப் போக வேண்டும். அங்கே தவறு தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. நியாயம் கருதித் தளர்த்துவார்கள், ஆனால் அது அவர்கள் மனசு. ரிவ்யூ போர்டுக்கு இன்னொரு நல்ல குணம்: இருப்பதைவிட மோசமாக மாற்றித்தர அதற்கு அதிகாரம் இல்லை. கேட்பதால் நஷ்டமில்லை.

2015க்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்றால், நடுவில் விதி இளகியிருக்கிறது. பி.டி.எஸ்.டி. (போர் போன்ற அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) உள்ளவர்கள் மனுவைத் தாராளமாகப் பார்க்கச் சொல்லி 2014 செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஹேகல் ஓர் உத்தரவு போட்டார். அது ரெக்கார்டு திருத்தும் போர்டுகளுக்கு. 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த கர்ட்டா மெமோதான் ரிவ்யூ போர்டுகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. அது கேட்பது நான்கே கேள்வி: நோயோ, மோசமான அனுபவமோ இருந்ததா? அது பணியில் இருந்தபோதே இருந்ததா? செய்த குற்றத்துக்கு அது காரணம் சொல்கிறதா? அந்தக் குற்றத்தைவிட அது கனமானதா?

உங்கள் பழைய கடிதம் இந்த நான்கில் ஒன்றையும் தொடவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டிருக்கிறீர்கள். மன்னிப்பும் வேண்டும், ஆனால் கண்ணிவெடிக்கும் அந்த 34 நாளுக்கும் நடுவில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோடுதான் கேஸே.

இரண்டு கேள்வி. டிஸ்சார்ஜ் சான்றான டிடி 214இல் உங்களிடம் எந்தப் பிரதி இருக்கிறது? மருத்துவ ரெக்கார்டு முழுதாக வாங்கினீர்களா?

ட்ரக் நெல்லை:
அண்ணா, நன்றி. நேவி சாருக்கும் நன்றி, அவர் கேட்டதை இரவெல்லாம் நானே கேட்டுக்கொள்கிறேன்.

சுருக்கப் பிரதி மெம்பர்-1, முழுப் பிரதி மெம்பர்-4 இரண்டும் இருக்கின்றன. வேலைக்கு இதுவரை மெம்பர்-1 தான் காட்டினேன், அதில் டிஸ்சார்ஜ் வகை இருக்காது. மெம்பர்-4இல் 24ஆம் கட்டத்தில் அந்த மூன்று வார்த்தை, 27இல் ஆர்.இ. 4 (மறுபடி சேர முடியாது என்ற குறியீடு), 28இல் கோர்ட் மார்ஷலுக்குப் பதிலாக என்று இருக்கிறது. மருத்துவ ரெக்கார்டு வாங்கவே இல்லை. நான் டாக்டரிடமே போகவில்லையே, அதில் என்ன இருக்கப்போகிறது?

படிவப் பித்தன்:
அப்படி நினைத்துத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ரெக்கார்டு கேட்கும் படிவமான எஸ்.எஃப். 180 நிரப்பி செயின்ட் லூயிஸ் ரெக்கார்டு மையத்துக்கு அனுப்புங்கள். பணிக்கோப்பு, மருத்துவக் கோப்பு இரண்டையும் கேளுங்கள். போர்முனையிலிருந்து திரும்பியதும் டிடி 2796 என்று ஓர் உடல்நலக் கேள்விப் படிவம் நிரப்பியிருப்பீர்கள். வரிசையில் நின்று டிக் அடித்த ஞாபகம் இருக்கும். அதைத் தேடுங்கள். அப்புறம் டிஏ 4187. நீங்கள் காணாமல் போன நாளும் திரும்பிய நாளும் அதில் இருக்கும். பிடித்துவரப்பட்டாரா, தானாக வந்தாரா என்பதும் இருக்க வேண்டும். உங்களுக்கு அது பெரிய பலம்.

28ஆம் கட்டத்தையும் விடாதீர்கள். வகையை மட்டும் மாற்றக் கேட்டு, காரணத்தை அப்படியே விட்டால் படிக்கிறவனுக்குக் கதை தெரிந்துவிடும். ஹானரபிள் வேண்டும், காரணம் செக்ரெட்டேரியல் அத்தாரிட்டி (குற்றம் எதையும் சொல்லாத பொதுக் காரணம்) என்று மாற்ற வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஹானரபிளுக்கு ஒரு படி கீழான ஜெனரல் என்று பாதி ஏற்றிக் கொடுத்தாலும் வேறு பல சலுகைகள் திறக்கும், ஆனால் ஜிஐ பில்லுக்கு அது போதாது. ஹானரபிள்தான் வேண்டும்.

ஆஸ்டின் அக்கா:
நான் மனநல மருத்துவப் பிரிவில் நர்ஸ். தம்பி, அந்த முன் மேசைக்காரர் சொன்னது தப்பு. உங்கள் வகை டிஸ்சார்ஜ் இருந்தாலும், 100 நாளுக்கு மேல் பணி செய்து போர்முனைக்கும் போனவருக்கு மனநலச் சிகிச்சை தர வேண்டும் என்று 2018இலிருந்து சட்டமே இருக்கிறது. மறுபடி போங்கள், மனநலப் பிரிவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இதற்கு டிஸ்சார்ஜ் அப்கிரேடு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

போர்டுக்காகச் சொல்கிறேன்: டாக்டர் கடிதத்தில் இவருக்கு பி.டி.எஸ்.டி. இருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் உபயோகமில்லை. 2011 நவம்பரிலேயே இருந்ததா, அந்த மாடியில் கிடந்ததோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று அவர் எழுத வேண்டும். டிக்கெட் எடுத்து எடுத்து மாற்றினேன் என்று எழுதினீர்களே, அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். முகாமை நினைத்தாலே தள்ளிப்போடுவது, ஒதுங்குவது எல்லாம் அந்த நோயின் முகம்தான். தலைவலியையும் மறக்காமல் சொல்லுங்கள், வெடிச்சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் என்றால் மூளை அதிர்ச்சியையும் பார்ப்பார்கள்.

இன்னொன்று, தூங்குகிறீர்களா இப்போது? ரொம்ப முடியவில்லை என்றால் 988க்கு அழைத்து 1 அமுக்குங்கள். டிஸ்சார்ஜ் வகையெல்லாம் அங்கே கேட்க மாட்டார்கள்.

படிவப் பித்தன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. போர்முனைக்குப் போய் அதனால் பி.டி.எஸ்.டி. என்று டாக்டர் உறுதி செய்தவரின் மனு வந்தால், ரிவ்யூ போர்டில் மனநலம் தெரிந்த நிபுணர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அதனால் டயக்னோசிஸ் முதலில், மனு பிறகு. கெடுவை மட்டும் மறக்காதீர்கள்.

குடியுரிமை விஷயத்தில் உங்களிடம் மழுப்ப மாட்டேன். பணியால் வாங்கிய குடியுரிமையை, ஐந்து வருஷ நல்ல பணி முடியும் முன்பு இப்படி வெளியே போனவரிடமிருந்து திரும்பப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அது தானாகப் போகாது. அரசு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு மனுப் போடும் முன் இமிக்ரேஷன் வக்கீல் ஒருவரிடம் காசு கொடுத்தாவது ஒரு மணி நேரம் பேசுங்கள். எங்கள் பேச்சை நம்பி எதுவும் செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் ஹானரபிள் ஆகிவிட்டால் அந்தக் கத்தி தலைக்கு மேலிருந்து போய்விடும், அதனால் எது முதலில் என்று அவரையே கேளுங்கள். அப்கிரேடுக்கு இலவசமாக வாதாட நேஷனல் வெட்டரன்ஸ் லீகல் சர்வீசஸ் புரோகிராம் இருக்கிறது, சில சட்டக் கல்லூரிகளில் கிளினிக்கும் உண்டு.

சிகாகோ குளிர்:
ப்ரோ, கான்வாயில் கூட ஓட்டியவர்கள் யாருடனாவது தொடர்பு இருக்கிறதா? என் நண்பனுக்கு அதுதான் கைகொடுத்தது. "இவன் நல்லவன்" என்று எழுதினால் வீண். என்ன பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். அவன் கூட இருந்தவன், "திரும்பி வந்தபின் மெஸ்ஸில் சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்காருவான்" என்று எழுதினான்.

ட்ரக் நெல்லை:
எல்லோருக்கும் வணக்கம், நாலு மாதம் கழித்து வருகிறேன்.

செயின்ட் லூயிஸிலிருந்து கோப்பு வந்துவிட்டது. அண்ணா, நீங்கள் சொன்ன டிடி 2796 இருக்கிறது. வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தீர்களா, ஆம். கெட்ட கனவு, ஆம். என் கையால் அடித்த டிக். நான் யாரிடமும் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், சொல்லியிருக்கிறேன். அடியில் பார்த்தவர் கையெழுத்து மட்டும் இருக்கிறது. டிஏ 4187இல் தானாகச் சரணடைந்தார் என்றே இருக்கிறது.

மனநலப் பிரிவில் சேர்ந்துவிட்டேன், டாக்டர் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முன் வண்டியில் இருந்து பிழைத்தவர் இப்போது ஒஹையோவில் இருக்கிறார், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். சட்டக் கல்லூரி கிளினிக் ஒன்று கேஸை எடுத்திருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். அப்பா இறப்புச் சான்றிதழோடு பதினாறாம் நாள் பத்திரிகையையும் அம்மா அனுப்பினாள். அதில் 23ஆம் தேதியும் மூத்த மகன் என்று என் பெயரும் இருக்கின்றன. முழுக்கத் தமிழ். இதை வைக்கலாமா?

பழைய நேவி:
கண்டிப்பாக வையுங்கள். தானாக வந்தேன் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், நான்தான் அதைத் தாண்டிப் படித்துவிட்டேன். டிக் அடித்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யூனிட்டில் ஒருவரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்பதையும் எழுதுங்கள்.

படிவப் பித்தன்:
வைக்கலாம். கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயர், தேதி, கையெழுத்து, இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி. நீங்களே செய்யாதீர்கள், உங்கள் கேஸுக்கு வேறொருவர் செய்வதுதான் அழகு. ஸ்கேன் அனுப்புங்கள், இன்று இரவே செய்து தருகிறேன். பதினாறாம் நாள் என்றால் என்ன, மூத்த மகன் ஏன் இருக்க வேண்டும் என்று கீழே நாலு வரி குறிப்பும் போடுகிறேன். போர்டில் இருப்பவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

ட்ரக் நெல்லை:
அனுப்பிவிட்டேன் அண்ணா. பந்தல் போட்ட தெருப் பெயர் மடிப்பில் அழிந்திருக்கிறது, அது வடக்கு ரத வீதி. ஆக, தமிழுக்கென்று எடுத்தவர்கள் மேசைக்கு என்னிடமிருந்து முதல் தமிழ்க் காகிதம் இப்போதுதான் போகிறது.