கலைச்சொல் விவாதம்: ‘கான்ஃபெஷனலைசேஷன்’ என்பதற்குச் ‘சமயக்கட்டு’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிறிஸ்தவம் தனித்தனித் தரப்புகளாகப் பிரிந்து இறுகியதையும், அதோடு அரசின் பிடி வளர்ந்ததையும் வரலாற்றாசிரியர்கள் ‘கான்ஃபெஷனலைசேஷன்’ என்கிறார்கள். வரலாற்றுப் பாடநூல் மொழிபெயர்ப்புக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்தவை: பாவசங்கீர்த்தனமயமாக்கம், மதவெறியாக்கம், சமயமயமாதல், சபையாக்கம், அறிக்கையாக்கம். இவற்றில் எதுவும் எனக்கு நிறைவு தரவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

> கன்ஃபெஷன் என்றால் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம்தானே ஐயா? கத்தோலிக்கக் கோயில்களில் இன்றும் பெரியவர்கள் வாயில் புழங்கும் சொல்லை ஏன் விட வேண்டும்?

அந்தப் பொருளில் இந்தச் சொல் தமிழுக்கு வந்து நானூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. 1580இல் கொச்சியில் இயேசு சபைத் துறவி அன்றீக்கே அடிகளார் அச்சிட்ட பாவசங்கீர்த்தனக் கையேட்டின் தலைப்பே ‘கொம்பெசியொனாயரு’. ஆனால் நம் கலைச்சொல்லில் இருக்கும் கன்ஃபெஷன் வேறு. 1530 ஜூன் 25ஆம் தேதி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில், மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்ற லூத்தரன் சிற்றரசர்களும் நகரங்களும் ‘எங்கள் விசுவாசம் இதுதான்’ என்று வாசித்துக் கொடுத்தார்களே, அந்த அறிக்கை. தமிழ் லூத்தரன் சபையார் அதை ‘ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை’ என்கிறார்கள். நாளடைவில் அறிக்கையின் பெயரே அதை ஏற்று நிற்கும் கூட்டத்துக்கும் ஆகிவந்தது. ஆகவே இங்கே கன்ஃபெஷன் என்பது ஒரு சமயத்துக்குள் எல்லை போட்டுக்கொண்ட தரப்பு. இதற்கு ‘உட்சமயம்’ போதும். புறப்புறச் சமயம், புறச்சமயம், அகப்புறச் சமயம், அகச்சமயம் என்று சைவ சித்தாந்தம் வட்டம் வட்டமாகப் பிரித்த பழக்கம் நமக்கு இருப்பதால், ஒரே சமயத்துக்குள் இன்னொரு எல்லை என்ற எண்ணம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல.

சிக்கல் பின்னொட்டில்தான். ‘ஆக்கம்’ என்று ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். (இந்தக் குழுமத்தில் இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது, கோபிக்க வேண்டாம்.) எது ஆகிறது, யார் ஆக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல் தேடலாம்.

1517இல் லூத்தர் தம் 95 கூற்றுகளை வெளியிட்டார். உடனே மறுநாள் காலையில் ஜெர்மனி இரண்டு சமயமாக எழுந்துவிடவில்லை. அடுத்த முப்பது, நாற்பது வருஷம் எல்லாம் கலந்தே கிடந்தது. கல்யாணம் செய்துகொண்டு பூசையும் வைத்த குருக்கள் உண்டு. நற்கருணையில் மக்களுக்கு அப்பத்தோடு ரசமும் கொடுத்துக்கொண்டு, தங்களைப் பழைய திருச்சபையார் என்றே கருதியவர்களும் உண்டு. கோடு மெல்ல மெல்லத்தான் இறுகியது. 1527 முதல் சாக்சனி அரசர் ஊர் ஊராகச் சபை ஆய்வாளர்களை அனுப்பினார். ஜனங்களுக்குக் கர்த்தரின் ஜெபம்கூடத் தெரியாததைப் பார்த்து நொந்துபோன லூத்தர், 1529இல் சிறிய ஞானோபதேசத்தை (வினா விடையாக அமைந்த விசுவாசப் பாடநூலை) எழுதினார். 1555இல் ஆக்ஸ்பர்க் சமாதானம்: சிற்றரசன் எந்தத் தரப்போ குடிகளும் அந்தத் தரப்பு. ஒத்துவராதவர் சொத்தை விற்றுவிட்டு வேறு சீமைக்குப் போகலாம். கத்தோலிக்கத் தரப்பில், ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1545இல் தொடங்கி 1563இல் முடிந்தது.

இந்தக் காலம் எப்படிப்பட்டது என்று புரிய ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரம் ஒன்று போதும். 1550இல் அங்கே பிறந்த ஒரு தச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க ஞானஸ்நானம். ஆறு வயதில், 1556இல், சிற்றரசர் ஆட்ஹைன்ரிக் நாட்டை லூத்தரன் ஆக்கினார். அவருக்குப் பின் வந்த மூன்றாம் பிரெடரிக், ஜெனீவாச் சீர்திருத்தவாதி கால்வினின் வழிக்கு மாறி, 1563இல் புகழ்பெற்ற ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தை வெளியிட்டார். தச்சர் பதின்வயதில் அதை மனப்பாடம் செய்திருப்பார். 1576இல் மகன் ஆறாம் லூட்விக் பட்டத்துக்கு வந்து திரும்பவும் லூத்தரன். கால்வின் வழிப் போதகர்களும் பள்ளி ஆசிரியர்களும் வெளியேற்றப்பட்டார்கள். 1583இல் லூட்விக் இறந்ததும் அவர் தம்பி யோஹான் காசிமிர் கால்வின் வழியைத் திரும்பக் கொண்டுவந்தார். தச்சருக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. ஊர் மாறவில்லை, உளி மாறவில்லை. ஊரின் சமயத் தரப்பு மட்டும் நாலு முறை மாறிவிட்டது.

இதற்கெல்லாம் ஆளும் பேரும் காகிதமும் வேண்டும் அல்லவா? ஜெனீவாவில் 1546இல் குழந்தைக்கு ‘குளோட்’ என்று உள்ளூர்ப் புனிதர் பெயர் வைக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். இங்கிலாந்தில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் பங்குதோறும் பதியச் சொல்லி 1538இல் உத்தரவு. திரெந்து சங்கம் தன் கடைசி வருஷத்தில், விவாகம் பங்குக்குரு முன்னிலையில், இரண்டு மூன்று சாட்சிகளோடு நடந்தால்தான் செல்லும், குரு அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பு அடுத்தடுத்து மூன்று திருநாள்களில் கோயிலில் அறிவிக்க வேண்டும். நம் தென் மாவட்டக் கோயில்களில் இன்றும் ‘ஓலை வாசிக்கிறார்கள்’ அல்லவா, அதுவேதான். நாள்காட்டிகூடத் தப்பவில்லை. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாளைக் கழித்துத் திருத்திய நாள்காட்டியை ஜெர்மன் சீர்திருத்தச் சபை நாடுகள் 1700 வரை ஏற்கவில்லை. ஆக்ஸ்பர்க் நகரத்தில் அதற்காகவே 1584இல் கலகம் மூண்டது.

ஆக, நம் சொல்லில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். உட்சமயத்தின் எல்லை, அன்றாட ஒழுங்கு, அந்த ஒழுங்கோடு சேர்ந்தே வளர்ந்த அரசின் கை. ஜெர்மன் வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் வால்டர் ட்சேடன் 1958இல் பேசியது பெரும்பாலும் முதலாவது. அதற்கு ‘உட்சமய உருவாக்கம்’ என்று வைத்துக்கொள்வோம். அதே நாட்டு வரலாற்றாசிரியர்கள் ஹைன்ஸ் ஷில்லிங்கும் வொல்ஃப்காங் ரைன்ஹார்ட்டும் பின்னால் கொண்டுவந்ததுதான் நம் கலைச்சொல். அதில் மூன்றும் உண்டு.

என் பரிந்துரை: சமயக்கட்டு.

ஊர்க்கட்டு, சாதிக்கட்டு என்று சொல்லும்போது நமக்கு எல்லையும் தெரிகிறது, மீறினால் தண்டம் என்பதும் தெரிகிறது. கட்டுதல் என்றால் எழுப்புதலும்தான். அதைவிட முக்கியம், இந்தச் சொல் தனக்கான வினைகளைக் கையோடு கொண்டுவருகிறது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘பவேரியாவில் சமயக்கட்டு சீக்கிரம் இறுகியது, டச்சுக் குடியரசில் தளர்ந்தே இருந்தது.’ இரண்டாவது பாதிக்கு ஆம்ஸ்டர்டாமில் சான்று நிற்கிறது. 1663இல் ஒரு வணிகர் தம் கால்வாயோர வீட்டின் மேல்மாடிகளில் கத்தோலிக்கக் கோயிலே கட்டி முடித்தார். வெளியிலிருந்து பார்த்தால் வீடு. ஊருக்கே தெரியும், யாரும் கேட்கவில்லை. ‘சபையாக்கம் குறைவாக இருந்தது’ என்று எழுதினால் இது விளங்குமா?

‘சபை’யை நான் தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கருத்தை இப்போது இஸ்லாமிய உலகத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். 1501இல் ஈரானின் தப்ரீஸில் முடிசூடிய ஷா இஸ்மாயில் பன்னிரு இமாம் ஷியா நெறியை அரசு நெறியாக அறிவித்தார். அதைக் கற்பிக்கப் போதுமான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) நாட்டில் இல்லாததால், பின்னால் லெபனானின் ஜபல் ஆமில் பகுதியிலிருந்து வரவழைத்தார்கள். எதிரில் ஒட்டோமான் பேரரசு சுன்னி நெறியை இறுக்கியது. ஊர்தோறும் பள்ளிவாசல் கட்டவும் தொழுகைக்கு வராதவரைக் கண்காணிக்கவும் ஆணைகள் போயின. ‘சபை’ அங்கே எடுபடாது. ‘சமயக்கட்டு’ எடுபடும்.

கருத்துச் சொல்லுங்கள்.

*

அண்ணாச்சிக்கு வணக்கம். நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்திலேயே ஒரு சொல் கிடக்கிறது: ‘கூறு’. 1599இல் கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, கேரளத்து மார்த்தோமாக் கிறிஸ்தவர்களின் சிரியாக் ஏடுகளைத் திருத்தவோ எரிக்கவோ சொன்னார். 1653 ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுச் சத்தியம்: இயேசு சபையாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று அவர்கள் குரிசின் (சிலுவையின்) முன் எடுத்த சபதம். அதற்கப்புறம் பிரிந்தவர்களுக்கு மலையாளத்தில் ‘பழயகூறு’, ‘புத்தன்கூறு’ என்றுதான் பேர். அங்கே அந்தச் சொல்லுக்குப் பங்கு என்றும் விசுவாசம் (ஒரு தரப்பின் மேல் பற்று) என்றும் இரண்டு பொருளும் உண்டு. உட்சமயத்துக்குக் ‘கூறு’, நிகழ்வுக்குக் ‘கூறாக்கம்’ என்று வைத்தால் என்ன?

‘கட்டு’ மேல் எனக்கு ஒரு குறையும் இருக்கிறது. எல்லாம் ராஜாவும் மேற்றிராணியாரும் (ஆயரும்) மேலிருந்து போட்டதாகத் தோன்றிவிடும். ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களிலேயே பலர் அந்தப் பார்வையை விமர்சித்திருக்கிறார்கள். கிராமத்து ஜனங்களே தங்களுக்குள் ஒழுங்கு போட்டுக்கொண்டதை ஷில்லிங், ரைன்ஹார்ட் தரப்பு போதுமான அளவு பார்க்கவில்லை என்று. மட்டாஞ்சேரியில் சத்தியம் செய்தது யார்? எந்த அரசன் சொன்னான்? குரிசைத் தொடக் கை எட்டாதவர்கள், அதில் கயிறு கட்டி அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்ததாகத்தான் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

*

தம்பிக்கு,

கூறு நல்ல சொல்தான். ஆனால் மலையாளத்தில் உள்ள ‘விசுவாசம்’ என்ற பொருள் தமிழில் இல்லை. மதுரைப் பக்கம் மாணவனிடம் ‘லூத்தரன் கூறு, கால்வின் கூறு’ என்றால் சந்தையில் தக்காளியைக் கூறு போட்டு வைத்திருப்பதுதான் கண்ணில் நிற்கும். குமரி மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் தனிப்பதிப்பு போட்டால் வைத்துக்கொள்ளலாம். பழையகூறு, புத்தன்கூறு இரண்டையும் வரலாற்றுப் பெயர்களாக அப்படியே எடுத்தாள்வோம், மொழிபெயர்க்கவே வேண்டாம்.

மேலிருந்து போட்டதாகத் தோன்றும் என்ற குறையை மட்டும் நான் ஏற்கவில்லை. ஊர்க்கட்டை எந்த அரசன் போட்டான்? ஊர் கூடி, மந்தையில் உட்கார்ந்து, தனக்குத்தானே போட்டுக்கொள்வதுதானே அது? அரசு போட்டாலும் கட்டு, ஊர் போட்டாலும் கட்டு. நீங்கள் சொல்லும் விமர்சனத்துக்கு ‘ஆக்கம்’ என்ற பின்னொட்டு இடம் கொடுக்காது. அதில் ஆக்குகிறவன் ஒருவன் எப்போதும் மேலே நிற்பான். ‘கட்டு’ இடம் கொடுக்கிறது. நான் சொல்லைத் தேர்ந்தபோது இதை யோசிக்கவில்லை. உங்கள் மடல்தான் வாதத்தை எடுத்துக் கொடுத்தது.

நம் ஊரிலேயே ஒரு பயன்பாடும் கிடைக்கிறது. 1706இல் லூத்தரன் போதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு, தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள் லூத்தரன், கத்தோலிக்கர் என்ற கோடு எழுத்திலேயே விழுந்தது. கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் லூத்தரன்களை மறுக்க ‘வேத விளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று உரைநடையில் எழுதினார். நாம் தமிழ் உரைநடை வளர்ச்சி என்ற தலைப்பில் மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகும் நூல்கள். ‘தரங்கம்பாடிச் சமயக்கட்டு’ என்று ஓர் அத்தியாயத் தலைப்பே வைக்கலாம். தரங்கம்பாடியில் ஆட்சி செய்தவன் டென்மார்க் அரசன், அவனும் லூத்தரன். சுற்றியிருந்த நாடோ தஞ்சை மராட்டியருடையது. அவர்களுக்கு இந்தக் கோட்டில் அக்கறையே கிடையாது. கோட்டைக்கு உள்ளே ஒரு மாதிரியும் வெளியே ஒரு மாதிரியும் கட்டு இருந்ததை இந்தச் சொல்லோடு எழுதினால் சுலபமாக விளங்கும்.

மறுப்பு வேறு இல்லையென்றால் பதிவு இப்படி இருக்கட்டும்: கன்ஃபெஷன் – உட்சமயம் (அறிக்கையைக் குறிக்கும் இடத்தில் விசுவாச அறிக்கை), கன்ஃபெஷனல் ஏஜ் – சமயக்கட்டுக் காலம், கான்ஃபெஷனலைசேஷன் – சமயக்கட்டு, செயலாக அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் சமயக்கட்டு இறுகல்.

அடுத்த சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்: ‘சிமுல்தானியம்’. ஒரே கோயிலை இரண்டு உட்சமயத்தாரும் முறைவைத்துப் பயன்படுத்தும் ஏற்பாடு. ஜெர்மனியின் பவுட்சன் நகரத்துப் புனித பேதுரு ஆலயத்தில் 1524இலிருந்தே பலிபீடப் பக்கம் கத்தோலிக்கருக்கு, முன்மண்டபம் லூத்தரன்களுக்கு, நடுவில் ஒரு தடுப்பு. ‘பொதுக்கோயில்’ என்றால் எல்லாருக்கும் பொது என்று ஆகிவிடுகிறது. ‘முறைக்கோயில்’ என்று ஒன்று தோன்றுகிறது. கோயில் திருவிழாவில் மண்டகப்படி முறை, பூசை முறை என்று பங்கு பிரித்துப் பழகியவர்கள் யாராவது குழுமத்தில் இருந்தால் சொல்லுங்கள், அந்த வழக்கில் இதைவிடப் பொருந்துகிற சொல் இருக்கிறதா?