3 ஏக்கருக்கு எத்தனை எச்.பி. டிராக்டர்? 18-இல் முன்சக்கரம் தூக்குகிறது, எஞ்சினும் அமுங்குகிறது

மேட்டுநிலம்:

வணக்கம். 3 ஏக்கர் நிலம். பாதியில் பழமரங்கள், வரிசைக்கு வரிசை 4 மீட்டர், கிளைகள் தாழ்வு. மீதி ஒன்றரை ஏக்கரில் காய்கறியும் பசுந்தாள் உரமும் மாறி மாறிப் போடலாம் என்று எண்ணம். ஒரு பக்கம் நல்ல சரிவு. களி கலந்த மண், காய்ந்தால் கட்டி கட்டியாகிவிடும்.

செய்ய வேண்டிய வேலைகள்: உழவு, மரங்களுக்கிடையே புல் வெட்டுவது, டிரெய்லரில் எருவும் மண்ணும் ஏற்றுவது. முடிந்தால் முன்னால் ஒரு லோடர் வாளி.

மாமா கொடுத்த 4 அடி ரோட்டவேட்டர் (பின்னால் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஒன்று கையில் இருக்கிறது. எடை 280 கிலோ என்று தகட்டில் போட்டிருக்கிறது. வாடகைக்கு ஒரு 18 எச்.பி. மினி டிராக்டர் எடுத்து அதை மாட்டிப் பார்த்தோம். இரண்டு தொல்லை. ரோட்டவேட்டரைத் தூக்கியதும் முன்சக்கரம் லேசாகிவிடுகிறது, மேட்டில் திருப்பினால் ஸ்டியரிங் கேட்கவே இல்லை. உழவில் இறக்கினால் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் அமுங்கி நின்றுவிடுகிறது.

பார்த்தவர்கள் எல்லாரும் "40 எச்.பி. எடு, கவலையே இல்லை" என்கிறார்கள். என் மனதில் இருப்பவை 18, 27, 40. எது சரி?

பழைய கலப்பை:

40 எடுங்கள் தம்பி. பெரிய வண்டி சின்ன வேலையைச் செய்யும், சின்ன வண்டி பெரிய வேலையைச் செய்யாது. பின்னால் நிலம் கூடினாலும் கவலை இல்லை.

கியர்பாக்ஸ்:

அண்ணன் சொல்வது திறந்த வயலுக்குச் சரி. இங்கே மரம் இருக்கிறது. முதலில் சில விவரம் வேண்டும்.

1. மரக்கிளைகளுக்கு நடுவே உண்மையில் எத்தனை மீட்டர் காலியாக இருக்கிறது? வரிசை இடைவெளியைச் சொல்லாதீர்கள், கிளை நுனிக்குக் கிளை நுனி அளந்து சொல்லுங்கள்.
2. வாடகை வண்டியின் ஸ்பெக் தாள் கிடைத்தால் எடையும் சக்கர இடைத்தூரமும் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்).
3. உழும்போது ஆக்சிலேட்டர் எவ்வளவு கொடுத்தீர்கள்? பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) லீவர் எந்த வேகத்தில் இருந்தது?

மேட்டுநிலம்:

நன்றி சார். கிளைக்குக் கிளை அளந்தேன். நல்ல இடத்தில் 2 மீட்டர், இடுக்கான இடத்தில் 1.75. வண்டி 800 கிலோ, சக்கர இடைத்தூரம் 1.45 மீட்டர். ஆக்சிலேட்டர் பாதிதான். வண்டி கொடுத்தவர் "அரை போதும், டீசல் மிச்சம்" என்றார். பி.டி.ஓ. 540-இல் இருந்தது.

கியர்பாக்ஸ்:

சரி, இப்போது பேசலாம். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. ஒன்று சக்தி, மற்றது எடை. இரண்டையும் சேர்த்து "எச்.பி. பத்தவில்லை" என்று நினைப்பதால்தான் 40-க்குத் தாவச் சொல்கிறார்கள்.

முதலில் எஞ்சின் நிற்பது. பி.டி.ஓ. 540 என்பது லீவரில் எழுதியிருக்கும் பெயர்தான். நிமிடத்துக்கு அந்த 540 சுற்று வர எஞ்சின் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் ஓட வேண்டும்; பெரும்பாலான வண்டிகளின் மீட்டரில் அந்த இடத்தைக் குறித்தே வைத்திருப்பார்கள். அரை ஆக்சிலேட்டரில் ரோட்டவேட்டர் சுற்றும் குறையும், எஞ்சின் தரக்கூடிய சக்தியும் குறையும். கத்தி மெதுவாகச் சுற்ற, வண்டி அதே வேகத்தில் நகர, ஒவ்வொரு கத்தியும் பெரிய கட்டியைக் கடிக்கும். நிற்காமல் என்ன செய்யும்?

முழு 540 கொடுத்தாலும் 18-க்கு இது பாரம்தான். 18 என்பது எஞ்சின் கணக்கு. கியர் வண்டியில் பி.டி.ஓ.வுக்கு ஏறத்தாழ 85 சதவீதம் வந்து சேரும், அதாவது 15. ரோட்டவேட்டருக்கு அடிக்கு 5 பி.டி.ஓ. எச்.பி. என்று நான் வைத்துக்கொள்வேன். 4 அடிக்கு 20. உங்கள் மண் களி, இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். 27 எச்.பி. வண்டியில் பி.டி.ஓ. 23 அளவில் கிடைக்கும். அது போதும்.

ஒரு எச்சரிக்கை: ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டி (கியர் மாற்றாமல், ஆயில் அழுத்தத்தில் மிதியாலேயே முன்னும் பின்னும் ஓடுவது) பார்த்தால் பி.டி.ஓ. கணக்கு இன்னும் இறங்கும். எஞ்சின் எச்.பி.யை மட்டும் சொல்லி விற்பார்கள், ஸ்பெக் தாளில் பி.டி.ஓ. எச்.பி. என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

சரிவுக்காரி:

முன்சக்கரம் தூக்குவதற்கு நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். எங்கள் நிலம் முழுக்கச் சரிவு, அதனால் எனக்கு இது மனப்பாடம்.

மினி டிராக்டரில் எடையில் 40 சதவீதம் அளவு முன் அச்சில் இருக்கும் என்று கொள்ளுங்கள். 800-இல் 320 கிலோ. ரோட்டவேட்டரின் எடை மையம் பின் அச்சிலிருந்து சுமார் 1.2 மீட்டர் தள்ளி விழும். 280 × 1.2 = 336. இதைச் சக்கர இடைத்தூரம் 1.45-ஆல் வகுத்தால் 232. அதாவது ரோட்டவேட்டரைத் தூக்கிய நொடியில் முன் அச்சிலிருந்து 232 கிலோ போய்விடுகிறது. மிச்சம் 88.

ஸ்டியரிங் பிடிக்க, வண்டியின் வெற்று எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் நிற்க வேண்டும். 800-க்கு 160. உங்களிடம் இருப்பது 88, அதுவும் சமதளத்தில். ஏற்றத்தில் இன்னும் குறையும். ஸ்டியரிங் கேட்காததில் வியப்பில்லை.

இதற்கு எச்.பி. மருந்தல்ல. முன் பம்பரில் வெயிட் மாட்டினால் தீரும். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் மாட்டும் ஒவ்வொரு கிலோவும் அச்சில் 1.3 கிலோவுக்கு மேல் வேலை செய்யும். 55 கிலோ மாட்டினால் சமதளத்தில் கணக்கு நேராகும், சரிவுக்கு 80 அளவு.

27 எச்.பி. வண்டி சுமார் 1,050 கிலோ, இடைத்தூரம் 1.55 என்று வைத்தால், முன் அச்சில் 42 சதவீதம் என்றால் 440. ரோட்டவேட்டர் எடுத்துக்கொள்வது 217. மிச்சம் 223, அதாவது 21 சதவீதம். மயிரிழையில் தேறுகிறது. அதனால் அங்கேயும் முன் வெயிட் வாங்கிவிடுங்கள். ஸ்பெக் தாளில் முன்-பின் எடை தனித்தனியே போட்டிருந்தால் என் 40, 42-ஐ விட்டுவிட்டு அதை வைத்துப் போடுங்கள்.

பழைய கலப்பை:

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. ஆனால் 40 எச்.பி. வண்டியில் இந்தக் கணக்கே வேண்டாமே. 1,900 கிலோ இருக்கும், அசையாது.

கியர்பாக்ஸ்:

அசையாதுதான். நுழையவும் செய்யாது. அந்த வண்டியின் வெளி அகலம் 1.7 மீட்டர் அளவில் இருக்கும், இவருடைய இடுக்கு 1.75. கிளையெல்லாம் சைலன்சரிலும் ரோல் பாரிலும் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம்) மாட்டும். அப்புறம் ரோல் பாரை மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். சரிவு நிலத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை.

நேரத்தையும் பாருங்கள். வேலை அகலம் (மீட்டர்) × வேகம் (கி.மீ.) ÷ 10 என்றால் மணிக்கு எத்தனை ஹெக்டேர் என்று வரும், திருப்பம், நிறுத்தம் எல்லாம் கழித்து 0.75-ஆல் பெருக்குங்கள். 1.2 மீட்டர் ரோட்டவேட்டர் 2.5 கி.மீ. வேகத்தில் 0.225 ஹெக்டேர். உழ வேண்டியது ஒன்றரை ஏக்கர், 0.6 ஹெக்டேர். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். 40 எச்.பி.யில் 5 அடி போட்டு 3 கி.மீ. ஓட்டினால் ஒன்றே முக்கால். ஒரு மணி நேரம் மிச்சப்படுத்த எட்டரை குவிண்டால் இரும்பை ஈர மண்ணில் கூடுதலாக ஓட்ட வேண்டுமா? மேல் மண் இறுக்கத்தை டயர் காற்றைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஆழத்தில் இறுகுவது அச்சு எடையால் வருவது, அதற்கு டயர் காற்றைக் குறைப்பது பெரிதாக உதவாது.

பெரிய வேலை என்று வருடத்தில் ஒருமுறை வருமே, ஆழ உழவு, குழி தோண்டுவது, அதற்கு வாடகை வண்டியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அரைஏக்கர்:

ஒன்றரை ஏக்கர் உழ டிராக்டரே எதற்கு? பவர் டில்லர் போதாதா?

சரிவுக்காரி:

உழவு மட்டும் என்றால் போதும். அவருக்குப் புல் வெட்டும் வேலையும் டிரெய்லரும் இருக்கிறதே. சரிவில் பவர் டில்லரைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், மறுநாள் தோள் சொல்லும்.

மேட்டுநிலம்:

எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் 18-க்கு 3 அடி ரோட்டவேட்டர் வாங்கிப் போட்டால் என்ன? மலிவான வழியாகத் தெரிகிறது. லோடர் பற்றியும் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸ்:

சக்திக் கணக்கு சரியாக வரும், 3 அடிக்கு 15. ஆனால் ரோட்டவேட்டர் பின் டயர்களின் வெளி விளிம்பையாவது மூட வேண்டும். 3 அடி என்பது 0.9 மீட்டர். டயர் வெளி அகலம் 1 மீட்டர் என்றால் உழுத மண்ணில் டயர் தடம் மிஞ்சும். ஒரு பக்கம் தள்ளி மாட்டி ஒரு தடத்தை அழிக்கலாம், இன்னொன்றை அடுத்த சுற்றில் பிடிக்க வேண்டும். செய்யலாம், ஆனால் புல் வெட்டியும் 3 அடிக்குள் அடங்கிவிடும். முழு நிலத்துக்கும் அதே கதை.

லோடர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஈர மண் ஒரு கன மீட்டர் 1.7 டன் வரும். கால் கன மீட்டர் வாளி நிறைய அள்ளினால் 425 கிலோ. 18 எச்.பி. வண்டியின் முன் அச்சு அதற்குச் செய்தது இல்லை. 27-இல் முடியும், மூன்று நிபந்தனைகளோடு: நான்கு சக்கர இழுவை, பின்னால் எதிர் எடை (உங்கள் ரோட்டவேட்டரையே மாட்டி விடலாம்), வாளியைத் தரையோடு தாழ்த்தியே நகர்வது. மக்கிய எரு மண்ணைவிட வெகு லேசு. அதற்கென்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் லோடர் வேலைதான் தினசரி என்றால் ஹைட்ரோஸ்டேட்டிக் வாங்குங்கள், முன்னும் பின்னும் போய் வருவதில் கிளட்ச் மிதித்தே கால் ஓய்ந்துவிடும். மாதத்தில் இரண்டு நாள் என்றால் கியர் வண்டியே போதும்.

சரிவுக்காரி:

நான்கு சக்கர இழுவை லோடருக்கு மட்டும் அல்ல. பல மினி டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். இறக்கத்தில் நான்கு சக்கர லீவரைப் போட்டிருந்தால்தான் முன் டயரும் சேர்ந்து நிறுத்தும். டிரெய்லரோடு இறங்கும்போது இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள், மேலேயே சின்ன கியரைப் போட்டுவிடுங்கள். பாதி வழியில் கிளட்ச் மிதிக்கவே கூடாது. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் சுமையோடு சேர்த்து அதன் எடை டிராக்டர் எடையைத் தாண்டாமல் வைத்துக்கொள்வேன் நான். அதற்காகவும் 800 கிலோ வண்டி எனக்குப் பிடிக்கவில்லை.

இழுக்க வேண்டியதை டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் (கருவியை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டும் ஓட்டையில் சங்கிலி கட்டி மரக்கட்டையை இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின் அச்சுக்கு மேலே இழுவை வந்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழும், குதிக்க நேரம் இருக்காது. ரோல் பார் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போடுங்கள். மடக்கியிருந்தால் போடாதீர்கள்.

மேட்டுநிலம்:

27 எச்.பி. டெமோ எடுத்தேன், என் ரோட்டவேட்டரை மாட்டியே. முன்னால் 80 கிலோ வெயிட். மீட்டரில் 540 குறியில் வைத்து, குறைந்த கியரில் மெதுவாக ஓட்டினேன். ஈரப்பதம் பக்குவமாக இருந்த இடத்தில் எஞ்சின் சத்தமே மாறவில்லை. காய்ந்த மேட்டில் முழு ஆழம் போட்டால் முனகியது. இரண்டு தடவையாகப் பிரித்து, முதலில் மேலாக, அடுத்து ஆழமாக ஓட்டியதும் சரியாகிவிட்டது. மேட்டில் ஸ்டியரிங் கையில் இருந்தது. மரங்களுக்கிடையே கிளையை இரண்டு இடத்தில் கவாத்து செய்தால் போதும்.

பழைய கலப்பை அண்ணா, மன்னிக்கவும், 27-தான்.

ஒரே ஒரு விஷயம். ரோட்டவேட்டரை முழுக்கத் தூக்கும்போது பி.டி.ஓ. ஷாஃப்ட் பக்கம் 'டக் டக்' என்று சத்தம். இது வண்டிக் கோளாறா?

பழைய கலப்பை:

27-உம் நல்ல வண்டிதான் தம்பி, ஓட்டுங்கள். சத்தம் ஷாஃப்ட்டில்தான் இருக்கும். வேறு வண்டிக்கு அளவெடுத்த ஷாஃப்ட் அது. லிப்ட் மேலே போகும்போது இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று முட்டுகிறதா பாருங்கள். முட்டினால் அந்த அழுத்தம் இரண்டு பக்க பேரிங்கையும் தின்னும். பி.டி.ஓ.வை அணைத்துவிட்டு, ரோட்டவேட்டரை மெதுவாக ஏற்றி இறக்கி, ஷாஃப்ட் எங்கே மிகக் குட்டையாகிறதோ அங்கே நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். லிப்ட் தானாக இறங்காமல் அடியில் கட்டை கொடுக்க மறக்காதீர்கள். அந்த நிலையில் உள்ளே 2-3 செ.மீ. இடம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு குழாயிலும் மேல் உறையிலும் ஒரே அளவு அறுத்து, பிசிறு தேய்த்து, கிரீஸ் போட்டு மாட்டுங்கள். அதிகம் அறுத்துவிடாதீர்கள், மிக நீண்ட நிலையிலும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும்.

முட்டவில்லை, ஆனாலும் சத்தம் வருகிறது என்றால் தூக்கும் உயரம் அதிகம், மூட்டு அதிகமாக மடிகிறது. லிப்ட் லீவரில் நிறுத்தும் திருகை ஒரு படி கீழே வையுங்கள். திருப்பத்தில் பி.டி.ஓ.வை அணைத்துவிட்டுத் தூக்குங்கள்.