பிரேக்பீட்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

க. எழுதியது:
வணக்கம். மின்னணு நடன இசை பற்றிய ஆவணப்படத்துக்குத் துணையுரை. வரிக்கு 36 எழுத்துதான் இடம். 'பிரேக்பீட்' 41 இடங்களில் வருகிறது. இப்போதைக்கு 'உடைந்த தாளம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

செ. எழுதியது:
உடைந்த தாளம் என்றால் வாசித்தவர் கோட்டைவிட்டார் என்றுதான் படும். உடைவது தாளம் இல்லை, பாட்டு. குரலும் கிடாரும் ஊதுகருவிகளும் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஓடும் சில பார் (தாளச் சுற்று)தான் பிரேக். நியூயார்க்கின் பிராங்ஸில் 1973-இல் தொடங்கிய விருந்துகளில் டிஜே கூல் ஹெர்க் அதை நீட்டினார்: ஒரே இசைத்தட்டில் 2 பிரதி, ஒன்றில் பிரேக் ஓடும்போதே மற்றதைப் பிரேக்கின் தலைக்குத் திருப்பி வைத்துக்கொள்வது. நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்துக்குச் சகோதரன். ஆகவே 'தனித்தாளம்'.

ம. எழுதியது:
செ. ஐயா, தனி என்றதும் பாதிச் சபை காபிக்கு எழுந்துவிடும். பிரேக்கில்தான் ஆட்டக்காரர்கள் உள்ளே இறங்குவார்கள். தாளம் முறியவே இல்லை என்பதும் சரியில்லை. தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' (1969) பாட்டைக் கேளுங்கள். டிரம்ஸில் கிரிகரி கோல்மன் வாசித்த 4 பார், ஏறக்குறைய 7 விநாடி. முதல் 2 பார் ஒரே நடை. 3-ஆவதில் ஒரு ஸ்னேர் (கரகரக்கும் சிறு டிரம்) அடி தள்ளி விழுகிறது. 4-ஆவதில் முதல் அடி காலி. பிறகு எதிரடிகள், எதிர்பாராத இடத்தில் கிராஷ் சிம்பல். 'முறிதாளம்' பொருந்தும்.

ந. எழுதியது:
'முறித்தாளம்' அல்லவா?

ம. எழுதியது:
இல்லை அக்கா. முறிந்த, முறிகின்ற, முறியும் தாளம்: வினைத்தொகை. வல்லினம் மிகாது. முறியைப் பெயராகக் கொண்டால் மிகும்.

யா. எழுதியது:
பெயராகக் கொண்டால் இலங்கையில் இன்னொரு சங்கடம். முறி என்றவுடன் எங்களுக்கு மத்திய வங்கியின் பிணைமுறிதான் ஞாபகம் வரும். சங்கப் பாட்டுக்குப் போனால் தளிர். 'முறிபாணி' பார்க்கலாமா? பாணி என்றால் பழந்தமிழில் தாளம்; சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் பாணியும் தூக்கும் சேர்ந்தே வரும். ஆனால் எங்கள் ஊரில் பாணி என்றால் சீனிப்பாகு, இருமல் மருந்து. நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

செ. எழுதியது:
தாளமே தாள் என்னும் அடியிலிருந்து வந்தது என்பது என் கட்சி, அடிவைப்புத்தான் தாளம். உள்ளங்கை என்னும் வடமொழி விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. தாள், தாழ், தாழ்ப்பாள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்...

ந. எழுதியது:
ஐயா, தாழ்ப்பாளை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திறப்போம்.

வே. எழுதியது:
சொல்லுக்கு 2 பொருள் இருப்பதை யாரும் பிரிக்கவில்லை. பிராங்ஸில் அது பாட்டின் ஒரு பகுதி. 1990-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஒரு இசைவகை: பாருக்கு 4 கிக் (கால் டிரம் அடி) சமமாக விழும் ஹவுஸ், டெக்னோ வகைகளுக்கு எதிர்ப்பதம். அங்கே தட்டைச் சுழற்றவில்லை, ஒலித்துண்டைப் பதிந்து விசையால் வாசிக்கும் சாம்பிளரில் ஏற்றினார்கள். நிமிடத்துக்கு 136 அடியில் ஓடும் பிரேக்கை ஜங்கிள் என்னும் இசைவகையின் வேகமான 165-க்குச் சும்மா முடுக்கினால் சுருதி 3 அரைச்சுரத்துக்கு மேல் ஏறும். ஸ்னேர் தகரடப்பா ஆகிவிடும். (அந்த டப்பா ஒலிக்கே ரசிகர்கள் உண்டு.) சுருதி மாறாமல் நீட்டிச் சுருக்கினால் உலோக இழுவை கேட்கும். ஆகவே அடி அடியாக நறுக்கி, விசைகளில் வைத்து, வரிசை மாற்றினார்கள். வெட்டு, ஒலியலை சுழியை (பூச்சியத்தை) கடக்கும் புள்ளியில் விழாவிட்டால் ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் 'டிக்'. கருவியையே தானாக வெட்டவிட்டு அதன் உணர்திறனைக் குறைத்து வைத்தால், ஸ்னேருக்கு இடையிலுள்ள மெல்லிய அடிகள் தனித் துண்டாகாமல் முந்தைய துண்டின் வாலோடு போய்விடும். வேகத்தை ஏற்றியதும் அந்த வால் அறுந்து, நடையும் போய்விடும். இந்த வகைக்கு 'நறுக்குத்தாளம்' என்பேன்.

யா. எழுதியது:
பேசாமல் 'பிரேக்பீட்' என்றே விட்டால் என்ன? ரசிகன் அப்படித்தானே சொல்கிறான்.

ம. எழுதியது:
பிரேக்பீட் 5 எழுத்து. முறிதாளமும் 5. இடம் மிச்சமில்லை, பொருள்தான் நட்டம்.

க. எழுதியது:
அனுப்பிவிட்டேன். இசைவகை வரும் 29 இடத்தில் 'முறிதாளம்'. பாட்டின் பகுதி வரும் 12 இடத்தில் 'பிரேக்' அப்படியே. வே. அண்ணாவின் நறுக்கு, துண்டு வெட்டும் காட்சியில் வினைச்சொல்லாக உட்கார்ந்துவிட்டது.

செ. எழுதியது:
அந்த 12-இலும் தனித்தாளம் போட்டிருக்கலாம். 6 எழுத்துதான். தாழ்ப்பாள் பற்றித் தனி மடல் வருகிறது.