டொராண்டோ குளிரில் கை வெடிக்கிறதா? புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் விரல் மடிப்புகள் வெடித்துவிட்டன, ரசம் சாதம் பிசைந்தால் எரிகிறது, தேங்காய் எண்ணெய் தடவியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் கழிந்த என் முதல் ஜனவரியும் அப்படித்தான். பச்சை மிளகாய் நறுக்கவே பயந்திருக்கிறேன்.

எண்ணெயில் குறையில்லை, தடவும் நேரம்தான் தவறு. எண்ணெய் தோலுக்கு ஈரம் தராது; தோலில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடிவைக்கும், அவ்வளவுதான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடற்காற்றே அந்த ஈரத்தைக் கொடுத்துவந்தது. இங்கே வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடாகும்போது, அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. காய்ந்த கையில் எண்ணெய் தடவினால் வறட்சியைத்தான் பூட்டிவைக்கிறோம்.

ஆகவே கையை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கும் நீரில் கை வைக்காதீர்கள், தோலின் சொந்த எண்ணெய்ப் பசையையே அது கரைத்துவிடும். துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுவதும் உலர்வதற்குள், இரண்டு மூன்று நிமிடங்களில், தடவிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊர் மார்கழியில் பார்த்திருப்பீர்கள். இங்கே ஐந்து மாதமும் மார்கழிதான். வாய் அகன்ற பாட்டிலில் ஊற்றிவைத்தால் கரண்டியால் சுரண்டி, உள்ளங்கைச் சூட்டில் உருக்கிக்கொள்ளலாம். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் அதன் வாசனையோடு அலுவலகம் போக எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

வெடிப்பு ஆழமாக இருந்தால் என் நம்பிக்கை வாசலின் மீதுதான். எண்ணெயைவிட அது ஈரத்தை நன்றாக அடைத்துவைக்கிறது, வாசனையில்லாதது, விலையும் குறைவு. இரவில் கையை நனைத்து, சில துளி கிளிசரினை ஈரக் கையிலேயே பரப்பி, மேலே வாசலின் பூசி, பருத்திக் கையுறை போட்டுத் தூங்குங்கள். கையுறை இல்லையென்றால் சுத்தமான பருத்திக் காலுறை போதும். எனக்கு நான்காம் நாளே மிளகாய் எரிவது நின்றது.

அரிப்பும் இருந்தால் ஓட்ஸை மிக்ஸியில் நைசாக அரைத்து, வெதுவெதுப்பான நீரில் கலந்து பத்து நிமிடம் கையை வைத்திருங்கள், அரிப்பு அடங்கும்.

எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து கையில் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். வெடித்த தோலில் புளிப்பு பட்டால் புண்தான் மிஞ்சும். கடலை மாவு பூசிக் காயவிடுவதும் இந்தக் குளிருக்கு ஆகாது, இருக்கும் எண்ணெய்ப் பசையையும் அது உறிஞ்சிவிடும்.

பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை கட்டாயம். வெளியே போகும்போது கம்பளிக் கையுறை நேராகத் தோலில் உரசாமல், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். படுக்கையறையில் ஹ்யூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வைக்க முடிந்தால் நல்லது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கினால் குறைத்துவிடுங்கள், பூஞ்சை பிடித்துக்கொள்ளும்.

ஒரு வாரம் விடாமல் செய்தும் ஆறவில்லை, அல்லது சிவந்து அரிக்கிறது என்றால் பக்கத்து மருந்துக்கடைக்குப் போங்கள். ஒண்டாரியோவில் 2023 ஜனவரி 1 முதல் தோல் அழற்சி உள்ளிட்ட சில சிறு தொல்லைகளுக்கு மருந்தாளுநரே மருந்து எழுதித் தரலாம், குடும்ப மருத்துவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹெல்த் கார்டைக் கையில் எடுத்துச்செல்லுங்கள். சீழ் வைத்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடமே காட்டிவிடுங்கள்.